இல்லச் சேமிப்பகம்: தட்டும் படியும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு இயங்கிவிட்டால் அதன் வரலாறு உறுப்பினர் ஒருவர் வீட்டில் குவியத் தொடங்கிவிடும். கவியரங்க ஒலிநாடாக்கள், கையெழுத்துப் படிகள், நின்றுபோன சிற்றிதழ்களின் தொகுதிகள் என அது அலமாரியை நிறைத்துப் பரணுக்கும் ஏறும். இவற்றையெல்லாம் மின்வடிவாக்கி ஓரிடத்தில் வைத்து, வேண்டுவோர் எடுத்துப் பயன்கொள்ளுமாறு செய்யும் கணிப்பொறியே இல்லச் சேமிப்பகம். திரையும் விசைப்பலகையும் இன்றி, சில வன்தட்டுகளைத் தாங்கி, வீட்டு மூலையில் இரவும் பகலும் ஓடும் பெட்டி அது. அதனை அமைக்கப் புகுவோர் முதலில் கேட்பது, எத்தனை தட்டு வாங்குவது என்பதே. அதற்கும் முன்பே கேட்க வேண்டியது, எவ்வளவு வைக்க வேண்டியுள்ளது என்பதாகும்.

கணக்கிட்டால் வியப்பே மிஞ்சும். ஒலிநாடாவைக் குறுந்தகட்டின் தரத்தில் சுருக்காமல் மாற்றினால் மணிக்கு ஏறத்தாழ 635 மெகாபைட் இடம் வேண்டும். 500 மணி நேரப் பதிவும் 320 ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். ஏ4 தாள் ஒன்றை அங்குலத்திற்கு 300 புள்ளி என்ற அளவில் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, சுருக்காமல் வைத்தால் 26 மெகாபைட் ஆகும். 64 பக்க இதழ்கள் நூறு இருப்பின் 6,400 பக்கம். ஏறத்தாழ 166 ஜிகாபைட். இரண்டும் சேர்ந்து அரை டெராபைட்டையே எட்டுகின்றன. கணக்கை மாற்றுவது வீடியோ ஒன்றுதான். மினி டி.வி. நாடாவை உள்ளபடியே மாற்ற மணிக்கு 13 ஜிகாபைட் வேண்டும். நூறு மணி நேரத்திற்கு 1.3 டெராபைட். அதையும் சேர்த்தே பார்த்தாலும் 4 டெராபைட் தட்டு ஒன்றில் பாதி காலியாகவே இருக்கும். (4 டெராபைட் என விற்கும் தட்டு கணிப்பொறியில் 3.6 எனத் தோன்றுவது கடைக்காரர் செய்த வஞ்சகமன்று. விற்போர் ஆயிரத்தால் பெருக்குகின்றனர். கணிப்பொறி 1,024ஆல் வகுக்கிறது.)

இனித் தட்டுகளை அடுக்கும் முறை. 1988இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர், விலை மிகுந்த பெருந்தட்டு ஒன்றற்கு மாற்றாக மலிவான சிறு தட்டுகள் பலவற்றை இணைக்கலாம் என்று எழுதினர். அம்முறைக்கு 'ரெய்டு' என்று பெயர். தமிழ்க் காதுக்கு வருமான வரித்துறையை நினைவூட்டும் சொல்லாயினும் பொருள் நல்லதே. தட்டு ஒன்று பழுதாயினும் செய்தி பிழைக்க வேண்டும் என்பது அதன் கருத்து.

அது எவ்வாறு இயலும் என்பதைக் கவிஞர்களுக்கு விளக்குவது எளிது. வெண்பா ஒன்றில் ஓரெழுத்தைச் செல்லரித்துவிட்டால் எதுகையையும் தளையையும் கொண்டு அவ்வெழுத்தை ஓரளவு மீட்கலாம். பொருளுக்கு மேற்பட்ட ஒரு கட்டுப்பாடு செய்யுளில் இருப்பதால்தான் அது கைகூடுகிறது. ரெய்டு 5 என்னும் அடுக்கும் அத்தகையதே. ஆயின் அங்கே ஊகத்திற்கு இடமில்லை, கணக்கே உண்டு. முதல் தட்டில் 5, இரண்டாம் தட்டில் 7 என்றால் மூன்றாவதில் 12 என்று எழுதி வைப்பது போன்றது அது. எந்த ஒன்று போனாலும் மற்ற இரண்டைக் கொண்டு மீட்கலாம். நான்கு 4 டெராபைட் தட்டுகளை இவ்வாறு அடுக்கினால் 12 டெராபைட் கிடைக்கும், ஒன்று பழுதாகலாம். ரெய்டு 6 என அடுக்கினால் 8 கிடைக்கும், இரண்டு பழுதாகலாம்.

எனினும் இக்கணக்கில் ஓர் இடர் உண்டு. பழுதான தட்டுக்கு மாற்றாகப் புதியதைப் பொருத்தியதும், எஞ்சிய தட்டுகள் அனைத்தையும் முதலிலிருந்து கடைசி வரை படித்தே அதனை நிரப்ப வேண்டும். 8 டெராபைட் தட்டு நொடிக்கு 180 மெகாபைட் வேகத்தில் இடையறாது எழுதினாலும் பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேலாகும். ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கிய தட்டுகள் வயதிலும் உடன்பிறப்புகள். ஒன்று தளர்ந்த காலத்தே மற்றொன்றும் தளர்ந்திருக்கக் கூடும். அப்பெரும்பளு அதன்மேல்தான் விழுகிறது. ஆதலின் இத்தகைய சிறு தொகுப்புக்கு வெவ்வேறு காலத்தில் வாங்கிய இரண்டே தட்டுகளை, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியுமாறு கண்ணாடி முறையில் இணைப்பதே போதுமானது. அதுவே சிறந்ததும் ஆகும்.

கண்ணாடி முறைக்கும் ஒரு குறையுண்டு. இரண்டு தட்டும் ஒன்றோடொன்று முரண்பட்டால் எது மெய்யான பாடம் என்பது அதற்குத் தெரியாது. இரண்டு ஏடுகளில் பாடபேதம் கண்ட பதிப்பாசிரியர் நிலைதான். அந்தாதி நூலில் செய்யுள் ஒன்று விடுபட்டால் தொடை அறுவதைக் கொண்டே அதை அறியலாம் அல்லவா? அதுபோலச் செய்தியின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணை உடன் எழுதி வைப்பது இசட்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கி, 2005இல் மூல நிரலோடு வெளியிட்டது. எந்தத் தட்டிலுள்ளது சிதைந்த பாடம் என்பதை இது தானே அறிந்து, மற்றதிலிருந்து திருத்திக்கொள்ளும். மாதம் ஒருமுறை முழுத் தொகுப்பையும் சரிபார்க்க ஏவிவிட வேண்டும், அவ்வளவே.

பெட்டியைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. பழைய மேசைக் கணிப்பொறியே போதும். எட்டு ஜிகாபைட் நினைவகம் இருந்தால் நன்று; பிழை திருத்தும் நினைவகமாயின் மேலும் நன்று. இயக்க முறைமைக்குத் தனியே ஒரு சிறு எஸ்.எஸ்.டி. வைக்க வேண்டும். தட்டுகளை யு.எஸ்.பி. வடம் வழியாகத் தொங்கவிடாமல் சாட்டா இணைப்பில் பொருத்துவதே நம்பகமானது. தட்டு வாங்குகையில் ஒன்றை மட்டும் கேட்டறிய வேண்டும். தடங்களை ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய எழுதும் வகைத் தட்டுகள் உண்டு. அவை மறு நிரப்பலின்போது மிகவும் மந்தமாகிவிடும். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் தன் 'ரெட்' வரிசையின் சில தட்டுகள் அவ்வகையின என்பதை ஒப்புக்கொண்ட பின்னரே பலரும் இதனை அறிந்தனர். யு.பி.எஸ். இன்றியமையாதது, மின்சாரம் நின்று நின்று வரும் ஊர்களில் தட்டைக் காட்டிலும் முதலில் வாங்க வேண்டியது அதுவே. நாற்பது வாட் இழுக்கும் பெட்டி மாதத்திற்கு ஏறத்தாழ 29 யூனிட் செலவழிக்கும்.

இவ்வளவும் செய்த பின்னரும் காப்பு முடிந்ததாகாது. தட்டு வேறு, படி வேறு. கண்ணாடி முறையில் ஒரு கோப்பைத் தவறி அழித்தால் இரண்டு தட்டிலும் அக்கணமே அழியும். இடி இறங்கினாலும், பெட்டியைத் திருடர் தூக்கிச் சென்றாலும், 2015 டிசம்பரில் சென்னையில் புகுந்ததுபோல் வெள்ளம் வீட்டிற்குள் புகுந்தாலும் இரண்டும் சேர்ந்தே போகும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறிடத்தும் படியிருந்தவற்றைப் பின்னர்த் தேடிப் பெற வழியிருந்தது. வேறு படியில்லாத ஏடுகளுக்கு அவ்வழியும் இல்லை. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்ததும், வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு வீடுகளில் அதன் ஏட்டுப் படிகள் இருந்தமையால்தான்.

ஆகவே நான்கு தட்டு வாங்கப் பணமிருப்பின் நான்கையும் ஒரே பெட்டியில் அடுக்குதல் தகாது. இரண்டு பெட்டியில் இருக்கட்டும். மூன்றாவதில் தொகுப்பு முழுவதையும் படியெடுத்து, மின்னிணைப்பின்றி வெளியூர் உறுப்பினர் ஒருவர் வீட்டு அலமாரியில் வைக்க வேண்டும். நான்காவது, ஆண்டிறுதிக் கூட்டத்தில் அதனோடு மாற்றிக்கொள்வதற்கு. மாற்றும்போது பழையதிலிருந்து ஏதேனும் ஒரு பதிவை எடுத்து, கூட்டத்திலேயே ஒலிக்கவிட்டுப் பார்த்துவிட வேண்டும். திறந்து பாராத படி இருப்பதும் இல்லாததும் ஒன்றே. தொண்ணூறுகளில் பாமினி, டாம், டாப் முதலிய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கவிதைகள் இருந்தால் அவ்வெழுத்துருக் கோப்புகளையும் உடன் வைத்து, யூனிகோடு வடிவம் ஒன்றும் செய்து வைத்தல் வேண்டும். எழுத்துரு இல்லையேல் கவிதை பழுதின்றி இருந்தும் படிக்க வாராது.

சேமிப்பகத்தைப் பேணுபவர் பெரும்பாலும் ஒருவராகவே இருப்பார். கடவுச்சொல் அவர் நினைவில் மட்டுமே இருக்கும். எந்தத் தட்டு எந்த இணைப்பில் உள்ளது, வரிசை எண் யாது, எம்முறையில் அடுக்கப்பட்டது, கடவுச்சொல் யாது என்பவற்றை ஒரு தாளில் மையால் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, வட்டத்தின் தலைவரிடம் ஒன்றும் பொருளாளரிடம் ஒன்றுமாகக் கொடுத்து வைத்தல் வேண்டும்.