பம்புசெட்டா மின்வாரியத்தைக் கவிழ்த்தது?



மின்வாரியம் நட்டம் என்று பேச்செடுத்தாலே விரல் நம்ம கிணத்து மேட்டைப் பார்த்துத்தான் நீளுது. "இலவச கரண்ட் கொடுத்தே வாரியம் கவிழ்ந்துபோச்சு" என்கிறார்கள். நாம் இன்றைக்கு வேறொரு கணக்கைப் பேசுவோம். எண்ணெயை எரித்துக் கரண்ட் எடுத்த கணக்கு.

1992-ல் மத்திய அரசு ஒரு அறிவிக்கை போட்டது. தனியார் மின்நிலையம் 68.5 சதவீத அளவுக்கு ஓடினாலே, முதலாளி போட்ட பங்கு மூலதனத்துக்கு வருசம் 16 சதவீதம் லாபம் உறுதி என்றது. நம்ம மஞ்சளுக்கும் மரவள்ளிக்கும் எந்த அரசாங்கமாவது இப்படி எழுதிக் கொடுத்திருக்கா?

அந்த வழியில் வந்தவைதான் தமிழ்நாட்டின் எண்ணெய் மின்நிலையங்கள். 1999-ல் சென்னை பேசின் பிரிட்ஜில் 196 மெகாவாட். 2001-ல் சாமல்பட்டியிலும் மதுரை பக்கம் சமயநல்லூரிலும் ஏறத்தாழ 106 மெகாவாட் வீதம். கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் எல்லாம் பிரித்த பிறகு அடியில் தங்கும் கனத்த எண்ணெய்தான் இதற்குத் தீனி. சூடாக்கினால்தான் குழாயில் ஓடும். எஞ்சின் கப்பலில் இருப்பதைப் போன்றது.

எண்ணெய் நிலையமே ஆகாது என்று நாம் சொல்லவில்லை. நிலக்கரி நிலையம் கட்டப் பல வருசம் ஆகும், இதைச் சீக்கிரம் கட்டலாம். சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரத்தில் சட்டென்று ஓட்டலாம். அந்தமான், லட்சத்தீவு போன்ற தீவுகளுக்கு டீசல் கரண்ட் நெடுங்காலம் கைகொடுத்தது. நம் சண்டை ஒப்பந்தத்தோடு.

15 வருச ஒப்பந்தம். அதில் இரண்டு கட்டணம். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கொடுக்க வேண்டிய நிலைக்கட்டணம் ஒன்று, எரிபொருள் செலவு இன்னொன்று. எண்ணெய் விலை ஏறினால் ஏற்றம் முழுக்க வாரியத்தின் தலையில். 1998 கடைசியில் உலகச் சந்தையில் பீப்பாய் 10 டாலர் சுமாருக்கு விற்ற கச்சா எண்ணெய், 2008 ஜூலையில் 147 டாலரைத் தொட்டது. முதலாளியின் லாபத்தில் கீறல்கூட விழவில்லை. பிறகு வந்த மின்வெட்டுக் காலத்தில் கிராமத்தில் நாள் பாதி கரண்ட் இல்லை, பயிர் காய்ந்தது. அப்போது எண்ணெய் கரண்டை யூனிட் 10 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கினார்கள்.

மகாராஷ்டிரத்தில் தாபோல் கதையும் இதேதான். நாப்தாவில் ஓடிய 740 மெகாவாட் நிலையம். விலை தாங்காமல் அந்த மாநில வாரியம் 2001 மே மாதம் வாங்குவதையே நிறுத்திவிட்டது.

இன்று நாட்டின் மொத்த மின்நிறுவு திறன் 4 லட்சம் மெகாவாட்டுக்கும் மேல். அதில் டீசல் நிலையங்கள் 600 மெகாவாட்கூட இல்லை. எண்ணெய் போய்விட்டது, அது விட்ட கடனுக்கு வட்டி மட்டும் நிற்கிறது. பழி நம்ம தலையில்!

1970-ல் பெருமாநல்லூரில், யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்த போராட்டத்தில் விவசாயிகள் மூன்று பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அப்புறமும் பல உயிர் போய்த்தான் 1990-ல் எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் வந்தது. 2003-ல் பறித்தார்கள், 2004 தேர்தலில் அடி வாங்கித் திருப்பிக் கொடுத்தார்கள். 2022-ல் மின்சாரத் திருத்த மசோதாவை நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். தனியாரை விநியோகத்துக்குள் விட்டால் நம்ம இலவச இணைப்பை எவன் காப்பாத்துவான்?

இன்னொன்று. மீட்டர் இல்லாத பம்புசெட் எவ்வளவு இழுக்குது என்பது வாரியத்தின் மதிப்பீடுதான். கம்பியில் வீணாவதும் திருட்டுப் போவதும் எவ்வளவு நம்ம கணக்கில் ஏறுதோ! அளக்கணும்னா பீடரில் அள, ட்ரான்ஸ்பார்மரில் அள. கிணத்தில் மீட்டர் வைக்க விடமாட்டோம். 1999 முதல் ஒவ்வொரு தனியார் நிலையத்துக்கும் கொடுத்த நிலைக்கட்டணம் எவ்வளவு, அதற்கு வாங்கிய யூனிட் எவ்வளவு என்று தமிழில் அச்சடித்து ஊராட்சிதோறும் ஒட்டச் சொல்கிறோம்.

இதைக் கேட்கும் மனு கிளைச் செயலாளர்களிடம் இருக்கிறது. பெயரோடு மின் இணைப்பு எண்ணையும் மறக்காமல் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.