கை வைத்தால் மனசு ஆறுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "தம்பி, அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை வாய்ப்பு எப்படி இருக்குன்னு பேசேன்" என்றார். அதைப் பேச என்னைவிடப் பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள், நான் வேறொன்று பேசுகிறேன் என்று தலைப்பைச் சொன்னேன். கொஞ்ச நேரம் லைனில் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, பேசு" என்றார்.

எனக்கு மனச்சோர்வு இருக்கிறது. 'இருந்தது' என்று சொல்லவில்லை, கவனியுங்கள். என் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் இது புதுச் செய்திதான். ஏனென்றால் வேலை எதுவும் நிற்கவில்லை. காலையில் ஆவடியில் ரயில் ஏறுவேன், அம்பத்தூரில் இறங்குவேன், ஷிப்ட் பார்ப்பேன், டிராயிங்கில் கையெழுத்துப் போடுவேன். எதிலும் ருசி இருக்காது, அவ்வளவுதான். முன்பு இதை டிஸ்தைமியா என்றார்கள். இப்போது நீடித்த மனச்சோர்வு என்கிறார்கள். 2 ஆண்டுக்கு மேல், பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி இப்படியே கழிந்தால் அந்தக் கணக்கில் வரும். நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 5 பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது மனச்சோர்வு வருகிறது. இந்த ஹாலில் எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மனநல மருத்துவரிடம் போனேன். மாத்திரை கொடுத்தார். அது வேலை செய்ய 2 முதல் 6 வாரம் ஆகும் என்றும் முன்கூட்டியே சொன்னார். தூக்கம் சரியானது, பாதி பாரம் இறங்கியது. மீதிப் பாதி உடம்பில் உட்கார்ந்துகொண்டது. கழுத்து, தோள், தாடை எல்லாம் ஓவர்டைட் செய்த போல்ட் மாதிரி. "யாராவது நல்லா பிடிச்சு விட்டா சரியாயிடும்டா" என்றார் அம்மா. டாக்டரிடம் கேட்டேன். "தாராளமா போங்க, மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க" என்றார்.

பிடித்துவிடுவது என்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்குச் சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று பெயர். 32 வகைப் புற மருத்துவத்தில் அதுவும் ஒன்று. அதிலேயே 9 வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். கேட்டால் நம்ம பிட்டிங் ஷாப் ரெக்கார்டு நோட்டு மாதிரி இல்லை? வர்மம் இதற்குப் பக்கத்து வீடு. 108 புள்ளிகள், அதில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம். கன்னியாகுமரி ஆசான்கள் கட்டிக்காத்த வித்தை. தாக்கவும் தெரிந்த வித்தை என்பதால், கை பழகாதவரிடம் கழுத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் போன இடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். வாசலில் பெரிய போர்டு. உட்கார்ந்த 5 நிமிஷத்தில், "மாத்திரையைத் தூக்கிப் போடுங்க சார், 20 சிட்டிங் பணத்தை மொத்தமா கட்டிடுங்க" என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன். அடுத்ததாக, முறையாகப் படித்துப் பதிவு பெற்ற ஒரு சித்த மருத்துவர். வாரம் 2 நாள், தடவைக்கு முக்கால் மணி நேரம், மொத்தம் 10 வாரம். வெதுவெதுப்பான உளுந்துத் தைலம்.

முதல் மூன்று தடவையும் எண்ணெய் வாசனையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. நான்காவது தடவை தோள்பட்டைக்குக் கீழே கை வைத்து அழுத்தினார், காரணமே இல்லாமல் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவர் எதுவும் கேட்கவில்லை. துண்டை முகத்துப் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அன்று ராத்திரி நாலு தோசை சாப்பிட்டேன். வீட்டில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

இன்ஜினியர் புத்தி விடுமா? தினமும் மனநிலைக்குப் பத்துக்கு இவ்வளவு என்று நோட்டில் மார்க் போட்டு வந்தேன். சிகிச்சை நாளும் மறுநாளும் 6 வரும். மூன்றாம் நாள் 4-க்கு இறங்கிவிடும். கடைசி வாரங்களில் அந்த இறக்கம் கொஞ்சம் குறைந்தது. எல்லாம் எண்ணெயின் மகிமை என்று சொல்ல மாட்டேன். அந்த அப்பாயின்ட்மென்டுக்காகத்தான் நேரத்தோடு ஷிப்டை விட்டுக் கிளம்பினேன், நடந்து போனேன், வாரத்தில் இரண்டு நாள் செல்போனைக் கையில் எடுக்காமல் படுத்திருந்தேன். எதனால் எவ்வளவு என்று பிரிக்க என் நோட்டில் வழியில்லை.

ஆராய்ச்சிக்காரர்களுக்கும் இதே தலைவலிதான். மாத்திரையைச் சோதிக்க ஒரு குழுவுக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்கலாம். பிடித்துவிடாமலே பிடித்துவிட்டதாக ஒருவரை எப்படி நம்ப வைப்பது? அமெரிக்காவில் மியாமி பல்கலைக்கழகத்தில் 1992-ல் டிஃபனி ஃபீல்டு என்ற அம்மையார் தொடுதலுக்கென்றே ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கினார். மசாஜ் செய்தால் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் இறங்குகிறது என்றார்கள். 2004-ல் கிறிஸ்டோபர் மோயரும் குழுவினரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். தொடர்ந்து சில முறை செய்துகொண்டால் மனச்சோர்வு குறைகிறது, அந்த அளவு பேச்சுச் சிகிச்சையின் பலனுக்குக் கிட்டத்தட்டச் சமம் என்று வந்தது. அதே மோயர் 2011-ல் கார்ட்டிசாலைத் தனியாக அலசினார். மசாஜால் அது இறங்குவது மிகச் சொற்பம்தான் என்று தெரிந்தது. ஆக, பலன் ஓரளவு தெரிகிறது, விளக்கம்தான் ஆட்டம் காண்கிறது.

இன்னொரு சங்கதி எனக்கு ரொம்பப் பிடித்தது. ரோமமுள்ள தோலில் சி-டாக்டைல் என்று ஒரு வகை நரம்பிழை இருக்கிறது. நொடிக்கு 1 முதல் 10 செ.மீ. வேகத்தில் மெதுவாகத் தடவினால்தான் அது நன்றாகப் பதில் சொல்லும். குழந்தையை மடியில் போட்டுத் தடவும் வேகம். நம்ம பாட்டிகள் ஸ்டாப்வாட்ச் இல்லாமலே அதைப் பிடித்துவிட்டார்கள்.

தம்பி தங்கைகளுக்கு நடைமுறை விஷயம் சொல்கிறேன். இது மாத்திரைக்கு மாற்று இல்லை, கூட வைத்துக்கொள்ளலாம். காய்ச்சல், எலும்பு முறிவு, காலில் ரத்தக்கட்டு இருந்தால் வேண்டாம். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது. பெண்களுக்குப் பெண் சிகிச்சையாளர் வேண்டும் என்று கேளுங்கள். "போதும், நிறுத்துங்க" என்று எந்த நிமிஷமும் சொல்லலாம். நிறுத்தாத இடத்துக்கு மறுபடி போகாதீர்கள். தனியாருக்குக் கொடுக்கக் காசில்லை என்றால், பூந்தமல்லிப் பக்கமிருந்து நெடுஞ்சாலையிலேயே நேராகப் போனால் அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை வரும். தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது.

உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால் மட்டும் எண்ணெய், தைலம் பக்கமே போகாதீர்கள். அன்றைக்கே மனநல மருத்துவரைப் பாருங்கள். கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. ராத்திரி இரண்டு மணியானாலும் 14416 என்ற எண்ணை அழுத்துங்கள். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. எண்ணை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள், நான் காத்திருக்கிறேன்.

எழுதிவிட்டீர்களா? சாப்பாட்டுக்கு மணி ஆகிவிட்டது என்று அண்ணன் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். மேடையில் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.