கொலுப் பொம்மையின் பழைய வர்ணம்

நவராத்திரிக்குப் பத்து நாள் முன்னதாகப் பரணிலிருந்து பெட்டி இறங்குகிறது. பழைய வேஷ்டித் துண்டிலும் செய்தித்தாளிலும் சுற்றிவைத்த பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கும்போது, சென்ற ஆண்டு நன்றாயிருந்த ஒன்றின் மூக்கு உதிர்ந்திருக்கும். மற்றொன்றின் சேலையில் வர்ணம் செதில் செதிலாகப் பெயர்ந்திருக்கும். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய சங்கடமன்று. காஞ்சிபுரத்திலோ பண்ணுருட்டியிலோ மதுரையை அடுத்த விளாச்சேரியிலோ பொம்மை செய்யும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன; கொண்டுபோய்க் காட்டினால் பார்த்துக் கொடுப்பார்கள். உத்தியோக நிமித்தமாக ஹைதராபாதிலும் நாகபுரியிலும் தில்லியிலும் குடியேறிவிட்ட நமக்கு அந்தச் சௌகரியம் இல்லை. வீட்டிலுள்ள பிள்ளை கடைக்குப் போய் எனாமல் டப்பா ஒன்று வாங்கி வருவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள், பாட்டியின் சீதனமாக வந்த மீனாட்சி புதிதாகப் பூசிய இரும்புக் கேட்டைப்போல் பளபளக்கத் தொடங்குவாள். அந்த டப்பாவைத் திறப்பதற்கு முன் செய்யவேண்டிய சில காரியங்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதற்கேள்வி, பொம்மையின் பழைய நிறம் எது என்பது. கண்ணுக்குத் தெரிகிற நிறம்தானே என்று நினைப்போம். அது பெரும்பாலும் உண்மையன்று. நம் முன்னோர் கையாண்ட வர்ணங்கள் ஒவ்வொன்றுக்கும் முதுமை ஒவ்வொரு விதமாக வருகிறது. சாதிலிங்கச் சிவப்பு வெளிச்சம் பட்டால் கறுக்கும். ஈயச் செந்தூரம் பழுப்பாகும். அரிதார மஞ்சள் வெளுக்கும். அவுரி நீலமும் அப்படியே. காவி மட்டும் மண்ணல்லவா, அது எதற்கும் அசைவதில்லை. பொம்மையின் நகைகளுக்குப் பூசும் பொன் வர்ணம் பல வேளைகளில் பித்தளைப் பொடிதான். காலம் செல்லச் செல்ல அது பச்சையும் பழுப்புமாக மங்கிப் போகும். ஆகவே நாற்பது ஆண்டுப் பொம்மையில் நாம் காண்பது, ஒரே வேகத்தில் வயதாகாத பலர் கூடியிருக்கும் ஒரு சபை. அதைப் பார்த்து அப்படியே நகலெடுத்தால், கைவினையாளர் ஒருநாளும் தீட்டியிராத ஒரு பொம்மையை நாம் தீட்டியவர்களாவோம்.

அப்படியானால் பழைய நிறத்தை எங்கே தேடுவது? இதற்குத் தெளிவான வழி காட்டுகிறவர்கள், சற்றும் எதிர்பாராத ஒரு கூட்டத்தார். 'பகாடெல்' பலகையைச் சிறுவயதில் நம்மில் பலர் ஆடியிருப்போம்: ஆணிகளுக்கிடையே குண்டு உருண்டு குழியில் விழும். அதே இனத்தைச் சேர்ந்தது அமெரிக்காவின் 'பின்பால்' யந்திரம். காசு போட்டால் எஃகுக் குண்டு வெளிவரும். 1947-ஆம் ஆண்டில் வெளியான ஒரு யந்திரத்திலிருந்து, குண்டைத் திருப்பியடிக்கும் சிறு மட்டைகளும் அதில் சேர்ந்தன. பெரும்பாலும் சிக்காகோ நகரத்துத் தொழிற்சாலைகளில் செய்யப்பட்ட இந்த யந்திரங்களின் மரப்பெட்டிகளில், அச்சுத்தகடு வைத்து இரண்டு மூன்று வர்ணங்களில் படம் தெளித்திருப்பார்கள். பழைய பெட்டிகளைத் தேடியெடுத்துச் செப்பனிடுவதை ஒரு தவமாகவே செய்கிறவர்கள் அங்கே உண்டு. அவர்கள் தூரிகையைத் தொடுவதற்கு முன் திருப்புளியை எடுக்கிறார்கள். பக்கவாட்டு உலோகச் சட்டம், காசுக் கதவின் விளிம்பு, கால்களைப் பிணைக்கும் தகடு ஆகியவற்றைக் கழற்றுகிறார்கள். அந்த உலோகத்தின் அடியில் தொழிற்சாலையை விட்டு வந்த நாள் முதல் வெயில் பட்டதில்லை. வெளியே இளஞ்சிவப்பாக வெளுத்துப்போன பெட்டி, அங்கே விரலகலத்துக்கு இரத்தச் சிவப்பாக இருக்கிறது. அந்த விரலகலமே அவர்களுக்குச் சாட்சி. அதற்கு முன் உப்புத்தாளைப் பெட்டியின் மேல் வைப்பவரை அவர்கள் மன்னிப்பதில்லை. தேய்த்துவிட்ட சாட்சியை மறுபடி கூண்டில் ஏற்ற முடியாதல்லவா?

பொம்மைக்கும் இதே முறை பொருந்தும். கொலுப் பொம்மையில் வெளிச்சம் படாத இடங்கள் எவை? பீடத்தின் அடிப்புறம், கைக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள இடுக்கு, பின்னால் ஆணியடித்துப் பொருத்திய தகரப் பிரபையின் மறைவு, என்றோ ஒட்டிய ஜிகினா மாலையின் அடி. ஆண்டில் பத்து நாள் மட்டும் வெளியே வருகிற பொம்மைக்கு வெளிச்சத்தால் வரும் கெடுதல் குறைவு. அதன் பகை ஈரம். கூடத்துக் கண்ணாடி அலமாரியில் ஆண்டு முழுவதும் நிற்கிற பொம்மையே வெளுத்துப் போகிறது.

லோத்குண்டாவில் என் அண்டை வீட்டில் இப்படி ஓர் ஆண்டாள் இருந்தாள். கும்பகோணத்துக் காகிதக்கூழ்ப் பொம்மை. மேற்கு நோக்கிய ஜன்னலுக்கு எதிரே, அலமாரியில் பல ஆண்டுகள் நின்றவள். சேலை செங்கல் நிறம். கையிலிருந்த கிளி நீலம். அந்த வீட்டு மாமியின் மகன் கிளிக்கு வர்ணமடிக்கப் பச்சை எனாமல் வாங்கி வைத்திருந்தார். "கிளி எங்கேயாவது நீலமாக இருக்குமா, சார்?" என்பது அவர் கட்சி. "எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அது நீலக் கிளிதான்" என்பது மாமியின் கட்சி. "மாமி, அந்த மாலையைச் சற்றே தூக்கிப் பார்த்துவிடலாம்" என்று சொல்லி, ஜிகினா மாலையின் பசையை ஈரப்பஞ்சால் மெல்ல இளக்கினோம். அடியில் சேலை ஆழ்ந்த அரக்குச் சிவப்பாக இருந்தது. மாலையின் நுனி கிளியின் வயிற்றைத் தொட்ட இடத்தில், ஒரு மிளகளவுக்குப் பச்சை. நீலத்தையும் மஞ்சளையும் கலந்து உண்டாக்கிய பச்சை அது. வெயில் மஞ்சளை உண்டுவிட்டு நீலத்தை மிச்சம் வைத்திருந்தது. மகன் வென்றதாகவே நினைத்தார். ஆனால் மாமி கிளியைத் தொடவிடவில்லை. சேலையின் கரையில் உதிர்ந்த இடத்தை மட்டும் சரிசெய்துகொண்டு, மாலையைப் பழைய இடத்திலேயே ஒட்டச் சொல்லிவிட்டார். என் அபிப்பிராயமும் அதுதான். பச்சை இன்னதென்று தெரிந்துவிட்டது. அது மாலைக்கடியில் பத்திரமாகவும் இருக்கிறது. பிற்பாடு யாருக்கேனும் வேண்டியிருந்தால் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சில பொம்மைகளில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பல பூச்சுகள் இருக்கும். அடிப்புறத்தில் யார் கண்ணிலும் படாத ஓரிடத்தில், மிக நயமான உப்புத்தாளால் காலணா அகலத்துக்குக் குழிவாகத் தேய்த்தால், மரத்தின் வளையங்களைப்போல் பூச்சுகள் வட்டவட்டமாகத் தெரியும்: வெளியே எனாமல், அதனுள்ளே பசை வர்ணம், அதற்கும் உள்ளே வெள்ளை மண் பூச்சு. பழைய கட்டடங்களின் சுவர் வர்ணத்தை ஆராய்கிறவர்கள் கையாளும் முறையே இது. இப்போது வேறொரு சங்கடம் பிறக்கிறது. இவற்றுள் எது 'மூலம்'? தஞ்சைப் பெரிய கோயிலில் 1931-ஆம் ஆண்டில் எஸ். கே. கோவிந்தசாமி அவர்கள் நாயக்கர் காலத்து ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டறிந்தபோது எழுந்த கேள்வியும் இதுதான். அடியிலிருப்பது பழையது என்பதற்காக மேலிருப்பதைச் சுரண்டி எறிந்துவிட முடியுமா? பிற்காலத்தில் தொல்லியல் துறையினர் நாயக்கர் ஓவியத்தைப் படலமாகப் பெயர்த்தெடுத்து வேறு பலகைகளில் பதித்தார்கள். வீட்டில் நமக்கு அந்த வித்தை கைவராது. பாட்டனார் தம் கையால் 1962-இல் பூசிய நீலம் ஒன்று இருந்தால், அதுவும் அந்தப் பொம்மையின் சரித்திரமே. அதை நான் சுரண்டமாட்டேன். போன ஆண்டு அடித்த எனாமலுக்கு அவ்வளவு மரியாதை வேண்டுவதில்லை.

நிறத்தைப் பொருத்துவதற்கு முன் அழுக்கையும் மேற்பூச்சையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அரக்கு வார்னிஷ் பழகப்பழக மஞ்சளாகும். மஞ்சளின் வழியே நோக்கினால் நீலம் பச்சையாகத் தோன்றும். ஆகவே பச்சைக் கிருஷ்ணனைக் கண்டால் அவசரப்படலாகாது, உள்ளே நீலமேக சியாமளனே இருக்கக்கூடும். இந்த மஞ்சளால் வந்த பெரிய கதை ஹைதராபாதுக்கே உரியது. அஜந்தா அந்நாளில் நிஜாம் ராஜ்யத்தில் இருந்தது. உதிரும் ஓவியங்களை நிலைநிறுத்த, 1920 முதல் 1922 வரை செக்கோனி, ஓர்சினி என்ற இரண்டு இத்தாலிய நிபுணர்களை நிஜாம் அரசாங்கம் வரவழைத்தது. செதில்களை அவர்கள் ஒட்டியதால் பல ஓவியங்கள் உதிராமல் தப்பின என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் பூசிய அரக்கு நாளடைவில் மஞ்சளித்துக் கறுத்தது. புழுதியும் புகையும் அதிலே ஒட்டிக்கொண்டன. அதை நீக்குவதற்குத் தொல்லியல் துறையின் ரசாயன நிபுணர்கள் பல்லாண்டு உழைக்க வேண்டியதாயிற்று. கெட்டியாக இருக்கட்டும் என்று பொம்மைக்கு மேல் ஒரு கை வார்னிஷ் அடிப்பவர்கள் இதை நினைவில் வைப்பது நலம்.

தண்ணீரையும் நம்பிவிடக் கூடாது. பழைய பொம்மைகளின் வர்ணப் பொடி வேலம்பிசினிலோ வச்சிரப் பசையிலோ குழைத்ததாக இருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் முகமே துணியோடு வந்துவிடும். தீக்குச்சி நுனியில் சுற்றிய பஞ்சைச் சற்றே நனைத்து, மறைவான இடத்தில் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அத்தகைய வர்ணத்தின்மேல் எனாமல் பூசினால் வேறொரு ஆபத்தும் உண்டு: உலர்ந்து இறுகும் எனாமல் படலம் கீழேயுள்ள மெல்லிய பூச்சைப் பற்றி இழுத்து, இரண்டுமாகச் சேர்ந்து உரிந்துவிடும்.

இனி நிறத்தைப் பொருத்துவது. பெயரை நம்பிப் பயனில்லை. கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மாந்துளிர், மயில்கழுத்து என்று நம் மொழியில் நிறப் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சங்கீத மேதை எம். எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் 'எம். எஸ். நீலம்' எது என்று நான்கு புடவைக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், நான்கு நீலங்களை எடுத்துப் போடுவார்கள். வர்ணக் கடைகளிலுள்ள கணிப்பொறி நிறத்தை அளந்து கலந்து தரும். அதற்குத் தட்டையான, போதிய அகலமுள்ள மாதிரி வேண்டும். ஆண்டாளின் கன்னத்தில் அதை வைத்து அளக்க முடியாது. மேலும் நமக்கு வேண்டியது ஒரு கரண்டி வர்ணம்; அங்கே கிடைப்பது டப்பாக் கணக்கு.

கையாலேயே கலப்பதற்கு எளிய உபாயம் ஒன்று சொல்கிறேன். பழைய தபால் அட்டை ஒன்றை எடுத்து, முதலில் பொம்மைக்குள்ளதைப் போலவே வெள்ளைப் பூச்சு கொடுங்கள். நடுவில் பயறளவு துளையிட்டு, துளையைச் சுற்றிக் கலந்த வர்ணத்தைப் பூசி, நன்றாக உலரவிடுங்கள். ஈரத்தில் ஒரு நிறம், உலர்ந்தபின் வேறு நிறம் என்பதைக் கோலத்துக் காவியிலேயே கண்டிருப்பீர்கள். உலர்ந்த அட்டையைப் பொம்மையின்மேல் வைத்தால், துளையின் வழியே பழைய நிறமும் சுற்றிலும் புதிய நிறமும் ஒருசேரத் தெரியும். துளை கண்ணுக்குப் புலப்படாமல் மறைகிறவரைக்கும் கலவையைத் திருத்த வேண்டியதுதான். நாலைந்து அட்டைகள் வீணாகும்.

இந்தச் சோதனையை எந்த வெளிச்சத்தில் செய்வது என்பதும் முக்கியம். காலை வேளையில், நேர் வெயில் விழாத வடக்கு ஜன்னலருகே பகலொளியில் பாருங்கள். பிறகு மாலையில் விளக்கொளியிலும் பாருங்கள். பகலில் ஒன்றாகத் தோன்றும் இரண்டு நிறங்கள், மின்விளக்கின் கீழ் வெவ்வேறாகப் பிரிந்துவிடுவது உண்டு. ஒரே நிறமாகத் தோன்றினாலும் வெவ்வேறு பொடிகளால் ஆனவை என்பதே காரணம். மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு இது பழக்கமான தொல்லை: ஒரு வாக்கியத்தில் சமமாக நிற்கும் இரண்டு சொற்கள் அடுத்த வாக்கியத்தில் முரண்டு பிடிக்கும். கொலுவுக்கு விருந்தினர் வருவது விளக்கேற்றிய பிறகே ஆகையால், இரண்டு வெளிச்சத்துக்கும் ஒத்துப்போகிற கலவை கிடைக்கவில்லையென்றால் நான் மாலை வெளிச்சத்தின் பக்கமே சேர்வேன்.

வர்ணத்தை உதிர்ந்த இடத்தில் மட்டுமே இட வேண்டும். பள்ளத்தைச் சீமைச் சுண்ணப் பொடியும் பசையும் கலந்து நிரப்பி, காய்ந்ததும் சமப்படுத்தி, நிரப்பிய எல்லையைத் தாண்டாமல் நீர்வர்ணத்தால் தொட்டு வையுங்கள். நீர்வர்ணமாயின், பிடிக்காவிட்டால் துடைத்துவிடலாம். கண்களை மட்டும் தொடாதிருப்பது நலம். பொம்மைக்காரர் கடைசியாகத் தீட்டுவது பெரும்பாலும் கண்ணைத்தான். அந்த ஒரு கோடு பிறழ்ந்தால் வேறு யாரோ நம்மைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

உடல்நலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டில் வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி 2016-இல் வகுக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சுகளில் ஈயம் மிகுதியாக இருக்கலாம், அரிதாரமோ பாஷாணமே. குழந்தைகளை அருகில் வைத்துக்கொண்டு உலர்ந்த வர்ணத்தைத் தேய்க்க வேண்டாம். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, செய்தித்தாளை விரித்து வேலை செய்து, தூளை அந்தத் தாளோடு மடித்து அப்புறப்படுத்துங்கள்.

எல்லாம் முடிந்தபின், எந்த இடத்தில் எந்த வர்ணத்தை எந்த ஆண்டில் தொட்டீர்கள் என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, பொருந்திய அட்டையையும் அதனுடன் சேர்த்துச் சுருட்டி, பொம்மையின் அடியிலுள்ள துளைக்குள் செருகிவிடலாம். பென்சிலால் எழுதுங்கள், பரணின் ஈரத்தில் மை ஊறிவிடும்.