வரப்போடு முடிவதில்லை வயல்

(உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்கள் வயலுக்கு எல்லை எது என்று கேட்டால் நான்கு வரப்புகளையும் காட்டுவீர்கள். பட்டாவும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் இயற்கைக்குப் பட்டா தெரியாது. காற்று, நீர், மண், அவற்றில் வாழும் சிற்றுயிர்கள் யாவும் ஒன்றையொன்று பற்றியே இயங்குகின்றன. நீங்கள் நன்கு அறிந்த புகையானைக் கொண்டே இதைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2011-ஆம் ஆண்டு, வேளாண் பட்டப்படிப்பு முடித்து ஊரில் இருந்தேன். எங்கள் சம்பா வயலில் இலைச்சுருட்டுப்புழு அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தென்பட்டது. பொறுத்துப் பார்க்காமல், "அடித்துவிடலாம் அப்பா" என்றேன். இருமுறை தெளித்தோம். புழு போயிற்று. ஆனால் கதிர் வரும் தருணத்தில் புகையான் வட்டம் வட்டமாகப் பயிரைக் கருக்கிவிட்டது. அப்பா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "காலையில பனியோட மின்னுமே சிலந்திவலை, ஒண்ணையும் காணோமே, எங்கப்பா போச்சு?" என்று மட்டும் கேட்டார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை.

காற்றில் வரும் விருந்தாளி

புகையான் மிகச் சிறிய பூச்சி. தூரின் அடியில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சும். பயிர் முற்றினாலோ கூட்டம் பெருகினாலோ நீண்ட இறக்கையுள்ள பூச்சிகள் தோன்றிப் பறந்துவிடும். ஜப்பானின் குளிர்காலத்தை இது தாங்குவதில்லை. ஆயினும் ஆண்டுதோறும் ஜூன், ஜூலையில் அங்குள்ள வயல்களில் தோன்றிவிடும். 1967-இல், கரையிலிருந்து ஏறக்குறைய 500 கி.மீ. தள்ளி நடுக்கடலில் நின்ற வானிலை ஆய்வுக் கப்பலில் இப்பூச்சிகள் கூட்டமாக வந்து இறங்கின. மழைக்காலக் காற்றில் ஏறி அவை கடல் தாண்டி வருகின்றன என்பது அதன்பின் தெளிவாயிற்று. ஆகவே பூச்சி வருவதை நாம் தடுக்க இயலாது. வரும்போது வயலில் காவலுக்கு யார் இருக்கிறார்கள் என்பதே கேள்வி.

எருவும் சிலந்தியும்

அந்தக் காவலர்களில் முதன்மையானது ஓநாய் சிலந்தி. வலை கட்டாமல் நீரின் மேல் ஓடி வேட்டையாடும் இச்சிலந்தி நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை தின்னும். பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி, இலையுறைக்குள் இருக்கும் புகையான் முட்டைகளைத் தேடி உறிஞ்சும்.

நடவு செய்த புதிதில் வயலில் புகையான் இருக்காதே, அப்போது சிலந்தி எதைத் தின்று வாழும்? ஜாவாத் தீவின் நெல்வயல்களில் ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட முடிவுகள் இதற்கு விடை தந்தன. மண்ணில் இட்ட தொழு உரமும் தாள்கட்டையும் மக்கும்போது நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றைத் தின்று, பயிருக்குத் தீங்கு செய்யாத சிறு கொசுப் போன்ற ஈக்கள் வளர்கின்றன. அந்த ஈக்களே சிலந்தியின் முதல் உணவு. நீங்கள் இடும் எரு பயிருக்கு மட்டுமன்று, காவலருக்கும் சோறு போடுகிறது!

மருந்து எங்கே தவறுகிறது?

தேவையின்றித் தெளிக்கும் மருந்து வெளியில் திரியும் சிலந்தியைக் கொல்கிறது. இலையுறைக்குள் பொதிந்திருக்கும் முட்டை தப்பிவிடுகிறது. சில நாட்களில் அவை பொரிந்து வரும்போது தடுக்க ஆளில்லை. செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகள், குயினால்பாஸ் போன்றவை புகையானை மறுபடியும் பெருகச் செய்யும்.

இந்தோனேசியா இதை நாடு முழுவதும் அனுபவித்தது. மானிய விலையில் மருந்து தாராளமாகக் கிடைத்தும், 1985-86-இல் ஜாவாவில் புகையான் பெருகியது. 1986 நவம்பரில் அந்நாட்டு அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. உழவர்களுக்கு வயலிலேயே பயிற்சி அளித்தது. மருந்தின் அளவு வெகுவாகக் குறைந்தது. நெல் உற்பத்தி குறையவில்லை.

தழைச்சத்தும் அப்படியே. அளவுக்கு மீறி யூரியா இட்டால் பயிர் கொழுத்து, புகையான் அதிக முட்டையிடும். பயிர் எடுக்காத மீதி, நைட்ரேட்டாக நிலத்தடி நீரிலும், நைட்ரஸ் ஆக்சைடு வாயுவாகக் காற்றிலும் கலக்கிறது. பின்னது நூறாண்டுக்கு மேலும் வானில் தங்கிப் புவியைச் சூடாக்கும். ஒரு மூட்டை யூரியாவின் கதையும் வரப்போடு முடிவதில்லை.

நீங்கள் செய்யவேண்டியவை

1. நடவின்போது எட்டடிக்கு ஓரடி வீதம் பட்டம் விடுங்கள். தூரின் அடியில் காற்றும் வெளிச்சமும் படும்.

2. தொழு உரம் இடத் தவறாதீர்கள். யூரியாவை இலைவண்ண அட்டையைப் பார்த்துப் பிரித்து இடுங்கள்.

3. வாரம் ஒருமுறை வயலில் இறங்கி, பயிரை விலக்கி, தூரின் அடியைப் பாருங்கள். பூச்சியோடு சிலந்தியையும் எண்ணுங்கள்.

4. சிலந்தி இல்லாதபோது தூருக்கு 1 பூச்சியும், குத்துக்கு ஒரு சிலந்தி இருக்கும்போது தூருக்கு 2 பூச்சியும் பொருளாதாரச் சேதநிலை ஆகும். அதற்குக் கீழே மருந்து வேண்டாம்.

5. பூச்சி கூடுவதாகத் தெரிந்தால் முதலில் நீரை வடித்து வயலைக் காயவிடுங்கள். மருந்து தேவைப்பட்டால் வேளாண் அலுவலரைக் கலந்து, பரிந்துரைத்ததை மட்டும் தூரின் அடியில் படுமாறு தெளியுங்கள்.

அப்பா கேட்ட கேள்விக்கு இப்போது எனக்குப் பதில் தெரியும். சிலந்தி எங்கும் போகவில்லை, நாம்தான் கொன்றோம். நாளைக் காலை பனி உலர்வதற்குள் உங்கள் வயலைப் பாருங்கள். வலைகள் மின்னினால், உங்கள் காவலர் வேலையில் இருக்கிறார் என்று பொருள்.