அந்திக்குள் திரும்ப வேண்டிய ஆடை

நியாயப்பிரமாணம், அதாவது மோசேயின் வழியாகக் கடவுள் இஸ்ரவேல் மக்களுக்கு அளித்ததாகக் கிறிஸ்தவர்கள் நம்பும் சட்டத்தொகுப்பு, தடைகளின் பட்டியலாகவே பலராலும் எண்ணப்படுகிறது. ஆயினும் பத்துக் கட்டளைகளின் முகப்பில், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து அம்மக்களை மீட்டவர் தாமே என்று கடவுள் முதலில் நினைவூட்டுகிறார். மீட்பு முந்த, கட்டளை அதன் பின்னே வருகிறது.

நேரம் குறுகியது என்பதால், அதிகம் பேசப்படாத ஈட்டுச் சட்டம் ஒன்றே இங்கு விரிவாக நோக்கப்படுகிறது. ஈடு என்பது கடனுக்குப் பிணையாகக் கொடுக்கப்படும் பொருள். விவிலியத்தின் யாத்திராகமம் நூலின் 22ஆம் அதிகாரத்தின்படி, ஒருவனுடைய மேலாடையை ஈடாக வாங்கியவர் பொழுது சாய்வதற்குள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஏழைக்குப் பகலில் உடையும் இரவில் போர்வையும் அந்த ஒற்றைத் துணிதான் என்பதால், அவன் எதைப் போர்த்திப் படுப்பான் என்று சட்டமே கேட்கிறது. அவன் முறையிட்டால் இரக்கமுள்ள கடவுள் செவிசாய்ப்பார் என்றும் எச்சரிக்கிறது. சட்டநூல் ஒன்று கடனாளியின் இரவுத் தூக்கத்தைப் பற்றிக் கவலைப்படுவதை நேயர்கள் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

விவிலியத்தின் மற்றொரு நூலான உபாகமத்தின் 24ஆம் அதிகாரம் மேலும் நுணுக்கமாகப் பேசுகிறது. கடன் கொடுத்தவர் ஈட்டை எடுக்க வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்க வேண்டும். கடன்பட்டவனே அதைக் கொண்டுவந்து கொடுப்பான். கையில் காசில்லாதவனுக்கும் தன் வாசற்படிக்குள் மதிப்பு உண்டு என்பதை இவ்விதி காக்கிறது. திரிகைக் கல்லையும் ஈடாக வாங்கலாகாது. அன்றாட மாவை அரைக்கும் கல் போய்விட்டால் அந்த வீட்டில் உலை வைக்க வழியில்லை.

இத்தகைய ஆடை ஏழைக்கு எவ்வளவு பெரிது என்பதற்குத் விவிலியத்துக்கு வெளியிலும் சான்று உண்டு. இஸ்ரேலின் மத்தியதரைக் கடலோரத்தில் உள்ள மெசாத் ஹஷவ்யாஹு என்னும் பழங்கோட்டையில், கி.மு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த எபிரேய எழுத்துள்ள பானை ஓடு 1960இல் கிடைத்தது. அறுவடையாள் ஒருவன், வேலையை முடித்துத் தானியத்தைச் சேர்த்த பின்னும் தன் ஆடை பிடுங்கப்பட்டதென்றும், உடன் அறுத்தவர்கள் சாட்சி சொல்வார்களென்றும் அதிகாரியிடம் அதில் முறையிடுகிறான். சட்ட வாசகம் எதையும் அவன் சுட்டவில்லை. ஆடை மீண்டதா என்பதும் தெரியவில்லை. விவிலியத்திலோ, அதற்கும் முன்னதாகக் கி.மு. 8ஆம் நூற்றாண்டில் ஆமோஸ் தீர்க்கதரிசி, ஈடாக வாங்கிய ஆடைகளின்மேல் பலிபீடங்களின் அருகே படுத்துக்கொண்டவர்களைக் கடுமையாகக் கண்டித்தார். பக்தி எவ்வளவு மிகுந்தாலும், அயலானை வெறும் உடம்போடு குளிரில் விட்ட குற்றத்தை அது ஈடுசெய்யாது.

கடவுளிடத்தில் அன்பு, அயலாரிடத்தில் அன்பு என்னும் இரண்டிலும் நியாயப்பிரமாணம் முழுவதும் அடங்கும் என்று இயேசு சொன்னதாக மத்தேயு நற்செய்தியின் 22ஆம் அதிகாரம் கூறுகிறது. அவ்வன்பு மனத்தளவில் நின்றுவிடாதபடி எதைத் தொடலாகாது, எங்கே நிற்க வேண்டும், எந்நேரத்துக்குள் திருப்ப வேண்டும் என்று விதிகள் வரையறுக்கின்றன. கட்டளைகளை இனி வாசிக்கும் நேயர்கள், ஒவ்வொன்றும் யாருடைய துயரைத் தடுக்க எழுந்தது என்று கேட்டுப் பார்ப்பார்களாக. கடன் கொடுக்கும் நிலையில் இருப்போர் அக்கேள்வியைப் பொழுது சாயும் முன்பே கேட்பார்களாக.