அம்மாவின் தட்டும் நிறையட்டும்



காலையில் ரொட்டியும் சம்பலும், கூடவே வெறும் தேத்தண்ணி. மத்தியானமும் அதே ரொட்டிதான். வயிறு நிறைகிறது, இரத்தம் ஊறுவதில்லை. மலையில் தலைசுற்றுவதற்கு இரத்தச்சோகையும் ஒரு காரணம்.

நம்மால் முடிந்ததைச் செய்வோம். தட்டில் பாதி சோறோ ரொட்டியோ போதும். மற்றப் பாதியில் பருப்பு, கடலை, நெத்தலி என்று ஏதாவது ஒன்றும், கீரை, மரக்கறியும் இருக்கட்டும். வல்லாரைச் சம்பலில் தேசிக்காய் பிழிவோம். சாப்பாட்டோடு தேத்தண்ணி வேண்டாம். அது இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிப்போம்.

எல்லோருக்கும் போட்டுவிட்டு, மிஞ்சியதை அம்மா சாப்பிடும் பழக்கத்தை மாற்றுவோம். கொழுந்து சுமப்பவளும் அவள்தானே!

முட்டையும் மீனும் வாங்கச் சம்பளம் காணாது என்பது நமக்குத் தெரியும். அந்தத் தட்டுக்காகவும்தான் சங்கமாக நின்று கேட்கிறோம்.