பழம்பொறியும் புதுத்தலையும்

1947-இல் அமெரிக்காவில் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்பார் வெளியிட்ட ஷாப்ஸ்மித் பொறி, ஒரே மோட்டாரைக் கொண்டு மரத்தை அறுக்கும், கடையும், துளையிடும், தேய்க்கும். அதன் பின்வந்த மார்க் 5 வகையை வீட்டில் உடையோர் பலர், பழையதாயிற்றென்று அதனைக் கழிப்பதில்லை. எஃகுக் குழாய்களின் துருவைத் தேய்த்து மெழுகிடுவர். தலைப்பாகத்தை மட்டும் வலிய மோட்டாருடையதாக மாற்றுவர். சிக்கனமான வழியே!

ஆயின் ஒன்று கருதத்தக்கது. சாய்வாக அறுக்குங்கால் இப்பொறியில் வட்டவாள் சாயாது, மேசையே சாயும். நீண்ட பலகையாயின் தன் பாரத்தால் கீழ்நோக்கி வழுக்கும். கைமாறி வந்த பொறிகளிலோ வாட்காப்பு காணாமற் போயிருத்தலும் உண்டு. மோட்டாரை வலியதாக்க விழைவார் முதற்கண் அக்காப்பைத் தேடிப் பொருத்துவாராக. பலகையைத் தள்ள ஒரு கோலும் அருகே இருக்கட்டும்.